கார்டு ஒருவருடையது, ஆடுவது இன்னொருவர்: கேசினோ பாயிண்ட் பற்றி வாசகர் கேள்விகள்

கேசினோ மெம்பர் கார்டு பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்துப் படித்தால், கிட்டத்தட்ட எல்லாமே ஒரே சந்தேகத்தில் வந்து நிற்கின்றன: ஒருவர் கார்டில் இன்னொருவர் ஆடி பாயிண்ட் சேர்க்கலாமா? பட்டனை அழுத்தி ஆடும் ஸ்லாட் மெஷினில் இந்தக் கார்டைச் செருகி ஆடினால் ஆட்டம் பதிவாகிப் பாயிண்ட் சேரும், அதைப் பொறுத்து உறுப்பினர் நிலை உயரும், இலவச அறை, சாப்பாடு போன்ற ஆஃபர்களும் வரும். அதனால் எழும் இந்தச் சந்தேகத்துக்கே இந்த முறை பகுதி முழுவதும். உதாரணங்களை அமெரிக்காவில் இருந்து எடுத்திருக்கிறேன், இந்தக் கார்டு முறை இன்று இருக்கும் அளவுக்கு வளர்ந்தது அங்கேதான். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நானும் என் கணவரும் லாஸ் வேகஸ் போகும்போதெல்லாம் ஸ்லாட் மெஷின் ஆடுவோம். எனக்கும் தனியாகக் கார்டு இருக்கிறது. ஆனால் அவர் கார்டையே இருவரும் போட்டால் சீக்கிரம் மேல் நிலைக்குப் போகலாம் என்கிறார். கவுண்டரில் கேட்டதும் அவர் பெயரிலேயே இன்னொரு கார்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். இது சரியா, லாபமா?

பதில்: சரியா என்பதற்கு ஒரு விடை, லாபமா என்பதற்கு வேறு விடை.

முதலில் சரியா என்பது. கவுண்டரில் இரண்டாவது கார்டு கொடுத்ததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்டை மெஷினிலேயே மறந்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம், பக்கத்துப் பக்கத்து மெஷினில் ஒரே ஆள் ஆடுவதும் உண்டு, அதற்காகவே கேட்டவுடன் கொடுத்துவிடுகிறார்கள். விதிமுறையில் பெரும்பாலும் எழுதியிருப்பது, கார்டு அவரவர் ஆட்டத்துக்கு மட்டும், மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான். ஆனால் கணவன் மனைவிக்கும், ஒரே முகவரியில் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் பல இடங்களில் கணக்கை முறைப்படி இணைத்துத் தருகிறார்கள். இருவரும் அடையாள அட்டையோடு போய் நேராகவே கேளுங்கள். கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்: இணைத்தால் செலவழிக்கும் பாயிண்ட் மட்டும் சேருமா, நிலையைக் கணக்கிடும் கிரெடிட்டும் சேருமா, அப்புறம் ஆஃபர்கள் இருவருக்கும் தனித்தனியாக வருமா, வீட்டுக்கு ஒன்றா? இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது.

இனி லாபமா என்பது. இதற்குக் கார்டு உள்ளுக்குள் எதை எழுதி வைக்கிறது என்று தெரிய வேண்டும். நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது அங்கே இரண்டாம்பட்சம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள், மணிக்கு எத்தனை சுற்று, எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கட்டும் பணத்தில் சராசரியாகக் கேசினோவுக்கு நிற்கும் பங்கு எத்தனை சதவீதம், இவற்றைப் பெருக்கினால் வருவதுதான் உங்களிடமிருந்து அவர்கள் எதிர்பார்க்கும் வருமானம். தொழிலில் இருப்பவர்கள் அதைச் சுருக்கித் ‘தியோ’ என்பார்கள். சுற்றுக்கு 1 டாலர், மணிக்கு 600 சுற்று, 4 மணி நேரம், கேசினோவின் பங்கு 8 சதவீதம் என்றால் தியோ 192 டாலர். அன்றைக்கு நீங்கள் 500 டாலர் ஜெயித்துக்கொண்டு கிளம்பினாலும் கணக்கில் நிற்பது இந்த 192தான்.

அடுத்த மாதம் வரும் இலவச அறை, ஃப்ரீ பிளே (மெஷினில் ஆடுவதற்கென்று கேசினோ இலவசமாகத் தரும் தொகை) எல்லாம் பெரும்பாலும் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு தியோ என்பதைப் பார்த்தே வருகின்றன. இங்கேதான் கார்டைப் பகிர்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் கணவர் சனிக்கிழமை 4 மணி நேரம் ஆடுகிறார், தியோ 192. ஞாயிறு காலை அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அவர் கார்டைப் போட்டு ஒரு பத்து நிமிஷம் விளையாட்டாக ஆடுகிறீர்கள், தியோ 8. இரண்டு நாளில் 200, சராசரி 100. அந்தப் பத்து நிமிஷம் அவருடைய சராசரியைப் பாதியாக்கிவிட்டது, பாயிண்ட் கொஞ்சம் ஏறியதுபோல் தெரிந்தாலும் வரப்போகும் ஆஃபர் சின்னதாகிவிடும். கேசினோவின் நாள் பல இடங்களில் நள்ளிரவில் முடிவதில்லை, விடியற்காலையில்தான் முடிகிறது, அதனால் இரவு ஒரு மணிக்கு ஆடினால் முந்தைய நாள் கணக்கு, காலைக் காபிக்கு முன்னால் ஆடினால் புதிய நாள் கணக்கு. எந்த நேரத்தில் நாள் மாறுகிறது என்று கவுண்டரில் கேட்டாலே சொல்வார்கள்.

பகிர்வதால் நிஜமாகவே பயன் கிடைப்பது நிலை ஏறுவதில் மட்டும்தான். சில நிறுவனங்கள் ஒரே நாளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கிரெடிட் சேர்த்தால் கூடுதல் கிரெடிட் கொடுக்கும், அந்த வரம்பை ஒருவர் தனியாகத் தொட முடியாது, இருவர் சேர்ந்தால் தொடலாம். அதற்காக இணைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் போகிறவர்களுக்கு நான் சொல்வது தனித்தனிக் கணக்கைத்தான். இரண்டு பேருக்கும் தனித்தனியாக மூன்று இரவு இலவச அறை வந்தால் அடுத்தடுத்து வைத்து ஆறு இரவு தங்க முடியும். ஒரே முகவரி என்றால் அப்படி அடுத்தடுத்து எடுக்க விடாத இடங்களும் உண்டு, பதிவு செய்யும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே கார்டில் ஆடினால் பதிவில் இருப்பது அவர் பெயர் மட்டும்தான். நாளைக்கு நீங்கள் தனியாகவோ உங்கள் தோழிகளோடோ போனால், இத்தனை வருஷம் ஆடியும் கேசினோவின் கண்ணுக்கு நீங்கள் புது ஆள்.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து போகிறோம். எல்லோரும் ஒருவன் கார்டிலேயே ஆடி, கிடைக்கும் அறை, சாப்பாடு எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். அத்தனை பேர் கார்டு போட்டு ஆடுகிற மெஷின் ஹாலில் யாருக்குத் தெரியப் போகிறது?

பதில்: தெரியும். ஒரே எண்ணில் ஆறு கார்டு ஒரே நேரத்தில் ஆறு மெஷினில் ஓடினால் கணினியில் அப்போதே தெரிந்துவிடும், மேலே கேமரா வேறு இருக்கிறது. கண்டுபிடித்தால் சேர்ந்த பாயிண்டை அழிக்கலாம், கார்டை ரத்து செய்யலாம், அந்த நண்பரை இனி வரவேண்டாம் என்றும் சொல்லலாம், இதற்கெல்லாம் விதிமுறையில் இடம் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹாராஸ் என்ற அமெரிக்கக் கேசினோ நிறுவனம் 1997இல் தன் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான ஒரே கார்டைக் கொண்டுவந்தது. 1998இல் ஹார்வர்டு பேராசிரியராக இருந்த கேரி லவ்மன் அங்கே பொறுப்புக்கு வந்து, அந்தக் கார்டில் குவிந்த தரவை அலசிப் பார்த்தபோது, வருகிறவர்களில் 26 சதவீதம் பேரிடமிருந்தே 82 சதவீத வருவாய் வருவது தெரிந்தது. பெரிய பணக்காரர்கள்தான் கேசினோவைத் தாங்குகிறார்கள் என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது, அடிக்கடி வந்து மிதமாக ஆடும் சாதாரண ஆட்கள்தான் அந்த 26 சதவீதம். இன்று மற்ற நிறுவனங்களும் இந்த வழியில்தான் நடக்கின்றன. யார், எப்போது, எவ்வளவு ஆடுகிறார் என்ற பதிவு துல்லியமாக இருந்தால்தான் யாருக்கு என்ன அனுப்புவது என்று முடிவு செய்ய முடியும். ஆறு பேரின் ஆட்டம் ஒருவர் பெயரில் ஏறினால் இல்லாத ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு அவர்கள் அறை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

விதியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 100 டாலர் தியோ என்றால் ஆறு பேருக்கு 600. இதில் ஒரு பகுதியைத்தான், இடத்தைப் பொறுத்து 10 முதல் 40 சதவீதம் வரை, இலவசங்களாகத் திருப்பித் தருகிறார்கள். 20 சதவீதம் என்று வைத்தால் 120 டாலர். ஆறு கார்டில் பிரித்துப் போட்டாலும் மொத்தம் அதே 120தான் வரும், ஒரே கார்டில் போட்டால் பணம் குட்டி போடாது. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து வரும் ஆஃபர் எல்லாம் ஒரே ஒருவர் முகவரிக்குத்தான் போகும், அதைப் பயன்படுத்தவும் அவர் நேரில் வந்து அடையாள அட்டை காட்ட வேண்டும். அவர் வேறு யாரையோ கூட்டிக்கொண்டு போனால் மற்ற ஐந்து பேரும் என்ன கேட்க முடியும்? நட்பு கெடுவதற்கு இதைவிடச் சின்ன விஷயமே போதும்.

ஆறு பேரும் தனித்தனியாகக் கார்டு எடுங்கள். இலவசம்தான், அடையாள அட்டை இருந்தால் சில நிமிஷ வேலை. புதிதாகச் சேர்பவருக்கு என்று ஃப்ரீ பிளே கொடுக்கும் இடமாக இருந்தால் அதுவும் ஆறு பேருக்கும் கிடைக்கும்.

கேள்வி: கார்டு போட்டால் மெஷின் கொடுக்காது, கார்டை எடுத்துவிட்டு ஆடினால்தான் ஜாக்பாட் விழும் என்கிறாரே என் மாமா?

பதில்: இல்லை. எண்ணைக் குலுக்கிப் போடும் நிரலும் கார்டைப் படிக்கும் பகுதியும் வேறு வேறு. மெஷின் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதற்குச் சட்டத்திலேயே கீழ்வரம்பு உண்டு, நெவாடாவில் 75 சதவீதம், நியூ ஜெர்சியில் 83 சதவீதம். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே தருகிறார்கள். கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது. மாமாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், ஆடுவது என்று முடிவானால் அவர் பெயரிலேயே ஒரு கார்டு போட்டு ஆடட்டும்.

கேள்வி: தோழியின் கார்டைப் போட்டு, என் பணத்தில் நான் ஆடினேன். ஜாக்பாட் விழுந்திருந்தால் பணம் யாருக்குப் போயிருக்கும்?

பதில்: உங்களுக்குத்தான், நீங்கள்தான் பட்டனை அழுத்தியிருந்தால். கார்டு யாருடையது என்பது பாயிண்டுக்கு மட்டும்தான். கேசினோக்களில் பொதுவான வழக்கம், பட்டனை அழுத்திய கை யாருடையதோ பரிசு அவருக்கு என்பது. பணம் யாருடையது என்பதையும் பார்ப்பதில்லை. 2017இல் ஃபுளோரிடா மாநிலத்து ஹாலிவுட் நகரில், செமினோல் ஹார்ட் ராக் கேசினோவில் இதே சிக்கல் வந்து செய்தியானது. ஒருவர் தன் பணத்தை மெஷினில் போட்டுவிட்டு, அதிர்ஷ்டத்துக்காகக் கூட வந்த தோழியைப் பட்டனை அழுத்தச் சொன்னார். 1,00,000 டாலர் விழுந்தது. கேமராவைப் பார்த்துவிட்டு மொத்தத் தொகையையும் அந்தத் தோழிக்கே கொடுத்தார்கள். அதனால் ‘நீ அழுத்து, உன் கை ராசி’ என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை யோசியுங்கள்.

உங்கள் விஷயத்தில் வேறொரு குழப்பம் வரும். அமெரிக்காவில் பெரிய ஸ்லாட் பரிசு விழுந்தால் வரிக்கான படிவம் ஜெயித்தவர் பெயரில் போகும், அது நீங்கள். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் தோற்ற தொகையெல்லாம் தோழியின் கார்டில் பதிவாகியிருக்கும். ஆண்டு முடிவில் வரிக் கணக்குக்காகக் கேசினோவிடம் வரவு நஷ்ட அறிக்கை கேட்டால், ஜெயித்தது உங்கள் பெயரில், தோற்றது அவர் பெயரில் என்று வந்து நிற்கும். நஷ்டத்தைக் காட்டி வரியைக் குறைக்க நினைத்தால் கையில் ஆதாரமே இருக்காது. நாலு பாயிண்டுக்காகத் தோழிக்கு உதவப் போய் இந்த வேலை தேவையா?

உட்கார்ந்ததும் மெஷினின் சின்னத் திரையில் யார் பெயர் ஓடுகிறது என்று பார்க்கும் பழக்கம் நல்லது. முன்னால் ஆடியவர் கார்டை விட்டுவிட்டுப் போயிருப்பார், நாம் ஆடுவதெல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: உறவினர் ஒருவரால் வர முடியவில்லை. அவர் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து, அவருக்கு வந்த ஃப்ரீ பிளேயை என்னை ஆடிவிட்டு வரச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஃப்ரீ பிளே அவர் நேரில் வருவதற்காகக் கொடுக்கும் பணம், அவர் வரவில்லையென்றால் அது அவருக்கே இல்லை. பின் நம்பரை அவரே விரும்பிக் கொடுத்தார் என்பது உங்களுக்கும் அவருக்கும் தெரியும், கேமராவில் பார்ப்பவருக்கு நீங்கள் இன்னொருவர் கணக்கில் இருந்து எடுக்கும் ஆள். அடுத்தவர் கார்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஃப்ரீ பிளேயை உருவிய விவகாரங்கள் போலீஸ் வரை போயிருக்கின்றன. உறவினரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் என் கார்டைக் கொடுத்துவிட்டு என் அண்ணன் ஆடினால்?

பதில்: மேசையில் இது இன்னும் கடினம், அங்கே மெஷின் எண்ணுவதில்லை, மேற்பார்வையாளர் ஒருவர் உங்களைப் பார்த்து, சராசரியாக எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று எழுதுகிறார். உங்கள் பெயர் அவர் திரையில் இருக்கும், ‘வணக்கம் சார்’ என்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அதைவிட முக்கியமானது பணம் பற்றிய சட்டம். அமெரிக்கக் கேசினோவில் ஒரு நாளில் ஒருவர் 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாகப் போட்டாலோ எடுத்தாலோ அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அதைக் கூட்டிப் பார்க்கக் கார்டுப் பதிவும் பயன்படுகிறது. அண்ணன் கட்டும் பணம் உங்கள் பெயரில் ஏறினால் நாளைக்குக் கேள்வியும் உங்களிடம்தான் வரும். வரம்பைத் தாண்டாமல் இருப்பதற்காக இருவர் பெயரில் பிரித்தால் அதுவே தனிக் குற்றம்.

கேள்வி: என் தம்பி சூதாட்டத்தில் நிறைய இழந்து, போன வருஷம் தானாகவே பெயர் கொடுத்து, கேசினோ பக்கம் வரக்கூடாதவர்கள் பட்டியலில் சேர்ந்தான். இப்போது என் கார்டைக் கேட்கிறான். ‘சும்மா கொஞ்ச நேரம், பாயிண்ட் எல்லாம் உனக்குத்தானே’ என்கிறான். கொடுக்காவிட்டால் பேசமாட்டான்போல் இருக்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

தானாக விலகிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை மாநில அளவில் மிசூரி 1996இல் தொடங்கியது, பிறகு கேசினோ உள்ள பல மாநிலங்களும் கொண்டுவந்தன. உங்கள் தம்பி தெளிவாக இருந்த ஒரு நாளில், தெளிவு போகும் நாளுக்காகத் தானே போட்டுக்கொண்ட பூட்டு அது. உங்கள் கார்டு அதற்குச் சாவியாகக் கூடாது. பட்டியலில் இருப்பவர் உள்ளே வந்து பிடிபட்டால் அத்துமீறி நுழைந்த குற்றம் ஆகலாம், ஜெயித்தாலும் பல மாநிலங்களில் பணத்தைக் கொடுக்க மாட்டார்கள். அதாவது அவரால் தோற்க மட்டும்தான் முடியும். கார்டு உங்களுடையது என்பதால் உங்களையும் விசாரிப்பார்கள்.

அவரிடம் பேசும்போது பாயிண்டைப் பற்றியோ விதியைப் பற்றியோ வாதாட வேண்டாம், அதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருக்கும். ‘நீ எடுத்த முடிவை நான் காப்பாற்றுகிறேன், அதனால் தரமாட்டேன்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்லுங்கள். கடன் கேட்டாலும் இதே பதில்தான். கேசினோவில் இருந்து உங்கள் வீட்டுக்கு வரும் ஆஃபர் கடிதங்களையும் மின்னஞ்சலையும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள், மேசைமேல் கிடக்கும் ஒரு இலவச அறைக் கூப்பனே ஆசையைக் கிளப்பிவிடும். முடிந்தால் உங்கள் கார்டையும் கொஞ்ச காலம் ரத்து செய்துவிடுங்கள். கேட்பதற்குப் பொருளே இல்லை என்றால் சண்டையும் குறையும்.

அமெரிக்காவில் இருந்தால் 1-800-426-2537 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, ஆடுபவர் மட்டும் இல்லை, உங்களைப் போல் கூட இருப்பவரும் பேசலாம். குடும்பத்தாருக்கென்றே கேம்-அனான் என்ற அமைப்பும் இருக்கிறது. கோபத்தில் தம்பி சில நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். நீங்கள் மட்டும் பேச்சை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சீசர்ஸ் கேசினோ நிறுவனத்தின் கார்டுத் திட்டமான சீசர்ஸ் ரிவார்ட்ஸில் டயமண்ட் நிலைக்கு எனக்கு இன்னும் 2,000 கிரெடிட் குறைகிறது. டிசம்பர் முடிவதற்குள் என் மனைவியையும் என் கார்டில் ஆடச் சொல்லிச் சேர்த்துவிடலாமா?

பதில்: டயமண்டுக்கு 15,000 கிரெடிட் வேண்டும், ஸ்லாட்டில் 5 டாலர் கட்டினால் ஒரு கிரெடிட். ஆக 2,000 கிரெடிட் என்றால் 10,000 டாலர் கட்ட வேண்டும். கையில் 10,000 கொண்டுபோக வேண்டியதில்லை, ஜெயிப்பதையே திரும்பத் திரும்பக் கட்டுவதால் அந்தத் தொகை சுற்றிச் சுற்றி வரும். ஆனால் 8 சதவீதம் கேசினோவின் பங்கு என்றால் அந்தச் சுற்றில் போவது சராசரியாக 800 டாலர். சுற்றுக்கு 1 டாலர் வேகத்தில் ஏறக்குறைய 17 மணி நேரம் உட்கார வேண்டும். மனைவி பாதி ஆடினால் நேரம் பாதியாகும், 800 டாலர் பாதியாகாது, அது உங்கள் இருவர் பையிலிருந்தும் சேர்ந்து போகிறது. ஒரே நாளில் நிறைய ஆடினால் கிடைக்கும் கூடுதல் கிரெடிட்டால் இது கொஞ்சம் குறையலாம்.

பதிலுக்கு என்ன கிடைக்கும்? வரிசையில் முன்னுரிமை, அப்புறம் தங்கும் விடுதியில் இரவுக்கு இரவு போடும் ரிசார்ட் கட்டணம் தள்ளுபடி. அந்தக் கட்டணம் 50 டாலர் என்று வைத்தால் 800 டாலரை ஈடுகட்ட 16 இரவு தங்க வேண்டும். அடுத்த ஆண்டு அத்தனை இரவு தங்குவது ஏற்கெனவே முடிவான பயணம் என்றால், முதல் கேள்விக்குச் சொன்னதுபோல் கணக்கை இணைக்க முடியுமா என்று கவுண்டரில் கேட்டுவிட்டு ஆடுங்கள். அப்படி எந்தத் திட்டமும் இல்லையென்றால் இருக்கும் நிலையிலேயே இந்த ஆண்டை முடித்துக்கொள்ளுங்கள், மனைவி அவருடைய கார்டிலேயே ஆடட்டும்.